கறுப்புச் சீலை மாதா

ஈரக் களிமண் ஹீற்றருக்குப் பக்கத்தில் மெல்லக் காயும்போது ஒரு மணம் எழும். மழை விழுந்த மண்ணின் மணம் என்று பலர் சொல்வார்கள்; மொன்ட்ரியாலில் பிறந்த எனக்கு அது முதலில் தெரியவந்தது மழையால் அல்ல, சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையால். எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர்காலத்தில் சோபாவைச் சுவரோடு தள்ளி, தரையில் அட்டைகளை விரித்து, சுவரில் பதிக்கும் மண் ஓடுகள் இருபத்துநான்கை வரிசைக்கு ஆறாக அடுக்கியிருந்தோம். மீன்குழம்பு வாசமும் அந்த மண் வாசமும் கலந்த காற்றில்தான் நான் பின்னக் கணக்குப் படித்தேன்.

ஓடுகள் ஜெமால் அன்ரியுடையவை. அவர் துர்க்மெனிஸ்தானிலிருந்து வந்தவர். அஷ்கபாத்தில் இருபது வருடம் பள்ளிக்கூடச் சுவர்களுக்கும் பேருந்து நிலையச் சுவர்களுக்கும் வண்ண ஓடுகளில் சித்திரம் செய்தவர். இங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்பில் அம்மாவுக்குப் பக்கத்து வாங்கு அவருடையது. இருவருக்கும் சேர்த்து இருநூறு சொற்கள் இருந்தால் அதிகம், ஆனாலும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். சொல் தீர்ந்த இடத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, ஏதோவொரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட மின்சூளையை அதில் வைத்திருந்தார். பனிக்காலத்தில் அங்கே வாளித் தண்ணீரே உறைந்துவிடும் என்பதால், ஓடுகளைக் காயவைப்பதும் அவற்றில் வண்ணம் தீட்டுவதும் எங்கள் முன்னறைக்கு மாறின.

நான் எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைக்கும் பிள்ளை. என் கொப்பியில் ஜெமால் அன்ரிக்கு ஒரு பக்கம் இருந்தது. முதலாவது, பாண் ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. எங்கள் மேசையில் அப்படி எது கிடந்தாலும், விழுந்தவரைத் தூக்கிவிடுவதுபோல அவர் அதை நிமிர்த்திவிடுவார். இரண்டாவது, மாவிலோ மண்ணிலோ கைவைக்கும்போது ஒரு வசனம் சொல்வார்: "என் கை இல்லை, பாத்திமாவின் கை." அவர்களுடைய ஊரில் பெண்கள் வேலை தொடங்கும்போது நபியின் மகள் பெயரால் அப்படித்தான் சொல்வார்களாம். "நாங்கள் சிலுவை போடுற மாதிரித்தானே," என்று அம்மா அதை உடனே ஏற்றுக்கொண்டார். மூன்றாவது குறிப்பு, அவர் பிரெஞ்சில் சொல்ல நான் எழுதியது: செம்புத் தூள், பூசும்போது கறுப்பு, சூளையில் வெந்தபின் நீலம்.

இந்த மூன்றாவதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எழுதிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அந்த இருபத்துநான்கு ஓடுகளும் சேர்ந்தால் ஒரு மாதா. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் மண்டபத்தின் வெறுஞ்சுவருக்கு, மார்ச்சில் வரும் மங்கள வார்த்தைத் திருநாளைக் கொண்டாடும் ஞாயிறன்று திறந்துவைப்பதற்காக. ஃபாதரிடம் போய்க் கேட்டு அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் அம்மா. "மாதாவைச் செய்ய எங்கடை ஆக்கள் ஒருத்தருமில்லையோ?" என்று செபமாலைக் குழுவை நடத்தும் றெஜி மாமி கேட்டபோது, தானே பொறுப்பு என்று சொன்னவரும் அம்மாதான். ஜெமால் அன்ரிக்கோ கனடாவில் அதுவே முதல் சுவர். "நான் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு இங்கே எனக்கு ஒரு சுவரும் இல்லை," என்று ஒருநாள் என்னைக் கொண்டு அம்மாவுக்குச் சொல்லவைத்தார். அம்மா தன் மன்னார்க் கடலை அவருக்குக் கையால் அளந்து காட்டியிருந்தார். அதனால் மாதாவின் காலடியில் கடலும், நீண்ட மேலாடையின் கரையில் துர்க்மென் கம்பளங்களின் எண்கோணப் பூக்களும் வந்தன.

மேல் மூன்று வரிசைகளும் வெந்து முடிந்து கராஜில் இருந்தன. செம்பு ஆவியாகிப் பக்கத்து வெள்ளையைக் கறைப்படுத்தும் என்பதால், சீலைக் கரையும் கடலும் உள்ள கடைசி ஆறு ஓடுகளையும் இறுதிச் சூளைக்கு ஒதுக்கியிருந்தார். வியாழன் காலை சூளையில் வைத்தால் சனிக்கிழமை திறக்கலாம், ஞாயிறு திருநாள். புதன் மாலை எங்கள் வீட்டில் செபமாலை.

முழங்காலில் நின்ற பெண்கள் கடைசி "ஆமென்" சொன்ன கையோடு அந்த ஆறு ஓடுகளையும் குனிந்து பார்த்தார்கள்.

"இஞ்சை பாரன் ஸ்ரெலா," என்றார் றெஜி மாமி, அம்மாவிடம். "மாதாவுக்குச் செத்தவீட்டுச் சீலையெல்லோ உடுத்திவிட்டிருக்கு!"

"காலடியிலை என்ன, கார் கழிவு ஒயிலோ?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவ பிழையா ஒண்டும் செய்யமாட்டா, மாமி," என்றார் அம்மா.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை சனத்துக்கு முன்னாலை நீயே நிண்டு சொல்லு."

அவர்கள் வடையும் தேநீரும் முடித்துப் போனபின் நான் அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஏதோ தேய்க்கும் சத்தம் கேட்டு வந்து பார்த்தால், அம்மா ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்து, நடுவிலிருந்த ஓடொன்றின் கறுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி போதாமல் விரல்களாலும் வழித்திருந்தார்.

"அம்மா, துடையாதேங்கோ! சூளையிலை வைச்சா அது நீலமாகும்."

"ஆர் சொன்னது?"

"அன்ரி. நான் எழுதி வைச்சிருக்கிறன்."

அம்மா கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எழுத மட்டும் கை இருந்தது. சொல்ல வாயில்லையோ பிள்ளை?"

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு முன், மூவரும் கராஜில் நின்றோம். மொழிபெயர்க்க வாய்திறந்த என்னை அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். துடைத்த ஓட்டை நீட்டி, "பார்தோ," என்றார், மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லால். பிறகு நகக்கண்களில் இன்னும் கறுப்புப் படிந்திருந்த தன் விரல்களையும் நீட்டினார், யார் செய்தது என்று கேட்க வேண்டியிராதபடி.

ஜெமால் அன்ரி ஓட்டைக் கதவு வெளிச்சத்தில் சாய்த்து நீண்ட நேரம் பார்த்தார். கழுவி, காயவைத்து, மறுபடி பூச இரண்டு நாள் வேண்டும். இரண்டு நாள் இல்லை. "ஏன்?" என்று என்னைத்தான் கேட்டார். எங்களுடைய ஆட்கள் செத்தவீட்டுக்குக் கறுப்பு உடுத்துவார்கள் என்றேன். அவர்கள் சிரித்ததையும் சொன்னேன். நீலமாகும் என்பதை அம்மாவிடம் சொல்லாதது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் சூளைக் கதவைத் திறந்தார். பிறகு, "வேகாத ஓட்டை நாங்கள் யாருக்கும் காட்டமாட்டோம். காட்டியது என் பிழை," என்றார். மற்ற ஐந்தோடு அந்த ஓட்டையும் அப்படியே சூளைக்குள் வைத்தார். கதவை மூடும்போது வழக்கமான வசனத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அம்மாவின் கறுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"என் கை இல்லை," என்றார். "ஸ்ரெலாவின் கை."

சனிக்கிழமை சூளை திறக்கும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்து ஓடுகள் ஆழ்ந்த பசுநீலமாக வந்தன. ஆறாவதில் நிறம் மெலிந்து, துணி போன வழியெல்லாம் வெளிறி, அதன் குறுக்கே ஐந்து வெள்ளைக் கோடுகள் ஓடின. ஜெமால் அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி வத்திற நேரம்," என்றார். "எங்கடை கரையிலை அலை திரும்பிப் போகேக்கை மணலிலை இப்பிடித்தான் கோடு விழும்." நான் அதை மொழிபெயர்த்தேன். அந்தக் கிழமையில் நான் தாமதிக்காமல் செய்த ஒரே வேலை அது.

ஞாயிறன்று திரை விலகியபோது மண்டபம் கைதட்டியது. றெஜி மாமி முன்வரிசையில் நின்று பக்கத்தில் இருந்தவரிடம், "நான் அப்பவே சொன்னனான், நல்ல நீலம் வருமெண்டு," என்றார். அம்மா என் கையைக் கிள்ளிச் சிரிப்பை அடக்கினார். அந்தச் சுவரைப் பார்க்க வந்த ஒருவர் வழியாக ஜெமால் அன்ரிக்கு ஒரு நூலகச் சுவர் கிடைத்தது, பிறகு ஒரு நீச்சல்குளச் சுவர். போத்தல் அடுக்குவதை அவர் விட்டார்.

இன்று நான் அதே சென்ட் லோரன்டில், விமான இயந்திரப் பாகங்களுக்குப் பீங்கான் பூச்சிடும் ஒரு தொழிற்சாலையில் சூளைகளைக் கவனிக்கிறேன். எழுதிவைப்பதை எல்லாம் அடுத்த ஷிஃப்ட் வேலைக்கு வருபவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். கராஜ் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. மண்டபத்தையும் எங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள்; சுவரிலிருந்து கழற்றும்போது ஓடுகளில் பாதி நொறுங்கின, மிஞ்சியவற்றைக் குடும்பங்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. ஜெமால் அன்ரியும் இப்போது இல்லை.

அம்மா எடுத்தது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அது கர்க்லாண்ட் புறநகரில் என் வீட்டுக் குசினி ஜன்னலில், நிமிர்த்தி வைத்த பாணுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூட்டு வீங்கிய அம்மாவின் விரல்கள் அந்த ஐந்து கோடுகளுக்குள் இப்போது பொருந்துவதில்லை. ஆனாலும் ரொட்டிக்கு மாக் குழைக்க உட்காரும்போது சிலுவை போட்டுக்கொள்கிறார், பிறகு ஓட்டைப் பார்த்து, யாருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாத குரலில் சொல்கிறார்: "என்ரை கை இல்லை. ஜெமாலின்ரை கை."