குஞ்சுகளின் கண்ணில் விழுந்த புரதம்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணைக்கு ஐஸ் வைத்த தெர்மாக்கோல் பெட்டி வந்தால், அது குஞ்சுகளுக்கான தடுப்பு மருந்துதான். சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே வெள்ளைப் பொடி. அதைக் கரைப்பதற்கென்றே பண்ணையில் இருக்கும் மருந்து நீரில் கரைத்துக் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். அம்மாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வினையே அதனால்தான் வந்தது.

நான் சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செல் வளர்க்கிறேன். நம் இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்றொரு புரதம் இருக்கிறது. இரும்பைப் பிடித்துச் சுமந்துபோய்ச் செல்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. மனித மரபணுவைக் கொண்டு ஆய்வுக்கென்றே தயாரித்த அந்தப் புரதத்தைக் கொடுத்து, வழக்கமாகச் சேர்க்கும் கன்றின் சீரம், அதாவது இரத்தநீர், இல்லாமலேயே செல்களை வாழவைக்கப் பார்க்கிறேன். பொங்கல் விடுமுறையில் ஆய்வகம் பூட்டிக் கிடக்குமே என்று வெள்ளைப் பொடியாக வரும் அந்தப் புரதக் குப்பியை வீட்டு முகவரிக்கு வரவழைத்தேன். "இது கெட்டால் உன் ஆய்வுக்கு வேறு தலைப்புதான்" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வேறு தலைப்பா? செத்தாலும் மாட்டேன்.

நான் திருச்செங்கோடு போய்த் திரும்புவதற்குள் பெட்டி வந்துவிட்டது.

"புது மருந்து வந்துச்சு சாமி. கரைச்சு, பாதிக் குஞ்சுக்கு உட்டுப்போட்டேன்" என்றாள் அம்மா.

"ஐயோ! அது என்ற ஆராய்ச்சிக்கு வந்ததுங்கம்மா! மேல என்ற பேரு இருந்துச்சே, பாக்கலீங்களா?"

"பண்ணையே உன்ற பேருலதான கண்ணு இருக்குது. எல்லா மருந்தும் அப்படித்தான வருது?"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அம்மா சொட்டுக் குப்பியை ஐஸில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அழுது என்ன ஆகப்போகிறது? மிச்சத்தையும் கொஞ்சம் வெறும் மருந்து நீரையும் அதே ஐஸோடு எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். பேராசிரியர் வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். "கோழி மருந்துத் தண்ணியிலயா கரைச்சீங்க? தூக்கிப் போடும்மா" என்றார். "பாத்துட்டுப் போடறேன் சார்" என்றேன்.

அதில் துளி எடுத்து இரும்பு உப்புச் சேர்த்தேன். புரதம் கெடாமல் இருந்தால் இரும்பைப் பிடித்து இளஞ்சிவப்பாக மாற வேண்டும். மாறியது! மீதியைக் கிருமி போக வடிகட்டிச் செல்களுக்குக் கொடுத்தேன். பக்கத்துத் தட்டுக்குப் புரதம் கலக்காத மருந்து நீர் மட்டும். செல்கள் பிழைத்தது அந்த நீரால்தான் என்று நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாதல்லவா?

சில நாள் கழித்துப் பார்த்தபோது, வெறும் நீர் கொடுத்த தட்டில் செல்கள் செத்து மிதந்தன. புரதம் கொடுத்த தட்டில் ஒட்டிப் பிடித்து, தட்டு நிறையப் பெருகியிருந்தன. பேராசிரியர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதே தலைப்புதான்" என்றார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பொழச்சுக்கிச்சுங்கம்மா. எல்லாம் பொழச்சுக்கிச்சு."

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இனித்தான் சாமி எனக்குச் சோறு எறங்கும்" என்றாள்.