ஏழாவது செமஸ்டர்

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். வல்லம் வடகாலுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய பாலிடெக்னிக்குகள் மூன்று. அவற்றை மேலே எழுதினேன். பஸ் நேரம், லேப், வகுப்பில் பெண்கள் எத்தனை பேர் என்று கீழே பதினோரு கேள்விகள். கடைசிக் கேள்விதான் முக்கியம்: இங்கே டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர முடியுமா? மூன்றுக்கும் டிக் விழுந்தது.

எனக்குப் பாலிடெக்னிக் என்பது பஸ் மாறும் இடம் மட்டும்தான். பிளஸ் டூ வழியாகப் போகலாம், ஆனால் கெமிஸ்ட்ரி எனக்கு வராது. டிப்ளமோவில் நல்ல சதவீதம் எடுத்து, அங்கிருந்து அரசு பொறியியல் கல்லூரிக்கு மாறிவிட வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

நான் தேர்ந்தெடுத்த இடத்தில் மெக்கானிக்கல் இரண்டு வகையாக இருந்தது. ஒன்று சாதாரணம், மூன்று வருடம். மற்றது சாண்ட்விச், மூன்றரை வருடம். நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் தொழிற்சாலையில் பயிற்சி. அப்பா ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வெல்டிங் லைனில் இருக்கிறார். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"சாண்ட்விச் எடும்மா. கம்பெனிக்குள்ள நின்னுட்டு வர்றவன்தான் எங்க லைன்ல நிக்கிறான். மத்தவன்லாம் ஸ்பானர் எதுன்னு தேடிக்கினு கீறான்."

பட்டியலில் அதற்கு எதிரே 'மூன்றரை' என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் அரை வருடம் யாருக்கும் உறுத்தாது. பயிற்சி ஆறு மாதம், கான்ட்ராக்ட் ஆறு மாதம், புதுப்பித்தால் இன்னொரு ஆறு மாதம். சேர்க்கையின்போது எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொறியியலுக்குக் கதவு இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். அது எந்த மாதம் திறக்கும் என்று பார்க்கவில்லை.

ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் அது தெரிந்தது. சாதாரண வகுப்பில் படித்த தோழிக்கு இரண்டாம் ஆண்டு சேர்க்கைக்கு விண்ணப்பிக்கத் துணையாக பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். படிப்பு முடித்த மாதம் கேட்டார்கள். அவள் ஏப்ரல் என்றாள். என்னுடையது நவம்பர் என்று மனதில் போட்டுப் பார்த்தேன். நவம்பரில் எந்தச் சேர்க்கையும் இல்லை. அடுத்தது மறுவருடம் கோடையில். அரை வருடம் முழு வருடமாகிவிட்டது. அவளுடைய போட்டோவைச் சரியான அளவுக்குக் குறைத்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து, "நான் சொல்லித்தான எடுத்த?" என்றார். இல்லை, என் பட்டியலில்தான் ஒரு கேள்வி குறைந்துவிட்டது என்றேன்.

ஏழாவது செமஸ்டர் பயிற்சி வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில், பாகங்களின் அளவு சரிபார்க்கும் பிரிவில். முடிந்ததும் ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். கம்பெனியின் நேரடி ரோலில் இரண்டு வருட டிரெய்னி வேலை. அது முடியும் வரை அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்கும். நடுவில் கேட்டால் கிடைக்குமா என்றேன். "நடுவுல ஏம்மா போற?" என்று சிரித்தார் அங்கிருந்தவர்.

அசல் இல்லாமல் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக முடியாது. அது முடியாவிட்டால் கல்லூரி இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கான்ட்ராக்டர் மூலம் அதே லைனில் சேர்ந்தேன். அதே மேஜை, அதே வேலை. டிரெய்னிக்கு நீலத் தொப்பி, கான்ட்ராக்டுக்கு மஞ்சள்.

அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. "எங்க கம்பெனில பத்து வருசமா கான்ட்ராக்ட்லயே நிக்கிறவன் கீறான். உன்ன கூப்ட்டு ரோல் குடுக்கறான், நீ வோணான்ற."

"ஒரிஜினல் கேக்கறாங்கப்பா."

"கேட்டா குடுக்கறதுதான. நாங்கள்லாம் குடுக்கல?"

மறுநாள் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் என்னிடமிருந்து வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று சொல்லவில்லை. அவரே ஹெச்.ஆரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். சில வாரங்கள், அவர் காலையில் கிளம்பும்போது பையைப் பார்ப்பது என் வழக்கமாக இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் அந்த யோசனையை நானே கொடுத்ததாகிவிடும்.

எங்கள் லைன் லீடர் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா. "என்னட்டி, ரயிலுக்கு நிக்கவ மாதிரியே வேல பாக்க?" என்பார். நான் ஒரு பாகத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. பிப்ரவரி வாக்கில் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். கம்பெனி வேனில் எனக்கென்று ஒரு ஜன்னலோர இடம் ஆகியிருந்தது. அந்த மாதம் முழுக்க நான் அந்தப் பட்டியல் நோட்டைத் திறக்கவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

சேர்க்கை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தேன். சரிபார்ப்புக்கு முந்தின நாள் அப்பாவிடம் சான்றிதழ்களைக் கேட்டேன். பீரோவைத் திறந்தார்.

அவர் கம்பெனியில் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கப் போட்டு வைக்கும் நீல பிளாஸ்டிக் பைக்குள் எல்லாம் இருந்தன. வாயை மடித்து, பேக்கிங்கில் ஒட்டுவது போல டேப் ஒட்டியிருந்தார். மேலே ஒரு மஞ்சள் 'ஹோல்ட்' அட்டை. லைனில் அந்த அட்டை தொங்கும் பெட்டியை, விடுவிப்புக் கையெழுத்து விழும் வரை யாரும் நகர்த்தக் கூடாது, மேனேஜரே வந்தாலும். அட்டையில் நான் சான்றிதழ்களைக் கொடுத்த தேதி இருந்தது. பொருள் என்ற இடத்தில் 'பாப்பா ஒரிஜினல்'. எதுவரை என்ற இடத்தில் 'காலேஜ்'.

"பேப்பர் துருப்பிடிக்காதுப்பா" என்றேன்.

"தெரியும். கையெழுத்துப் போட்டு எட்த்துக்கோ."

போட்டேன். தேதியும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

கல்லூரியில் இடம் கிடைத்ததும் மஞ்சள் தொப்பியையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்தேன். கம்பெனியை விட்டு வர ஐந்து நிமிடம் ஆனது.