உங்கள் வருத்தம் புரிகிறது

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோர் போனிலும் ஒரு மருத்துவ ஆப்பை ஏற்றச் சொன்னார்கள். மைக்கை அழுத்தித் தமிழில் உடம்புக்கு என்னவென்று சொன்னால் அதுவே தமிழில் பதில் சொல்லும், தேவையென்றால் டாக்டரிடம் இணைக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இலவசம். அப்பாவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

அப்பா இலங்கையிலிருந்து படகில் வந்தவர். நான் பிறந்ததே இங்கே, அகதி முகாமில். என் வாயில் மதுரைத் தமிழ்தான் வரும். அவரோ இத்தனை வருடத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அப்படியொரு பிடிவாதம். ஆஸ்பத்திரிக்குப் போனால், "என்னய்யா சொல்றீரு, புரியிற மாதிரி சொல்லும்" என்று சீட்டு எழுதும் இடத்திலேயே அதட்டுவார்கள். அதனால் போகவே மாட்டார்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"போனில அந்தப் பிள்ளையோட கதைச்சனான். என்ர வருத்தம் அவவுக்கு விளங்கிட்டுது. மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தவ."

"என்னப்பா செய்யுது?"

"ஒண்டுமில்லை, சுகமாகிடும்."

அந்த வாரக் கடைசியில் குழாயடியில் விழுந்தார். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அட்டாக் வந்து நாலஞ்சு நாளாச்சு போல. இம்புட்டு நாளா என்ன பண்ணீங்க? பாதி இதயம் போச்சு. இனிமே பெருசா ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

வராந்தாவில் உட்கார்ந்து அவர் போனைத் திறந்தேன். அப்பாவின் குரல் அப்படியே பதிவாகி இருந்தது. "எனக்கு நெஞ்சு வருத்தம், தங்கச்சி. விடுகுதேயில்லை." அதற்கு ஆப்பின் இனிமையான பெண்குரல்: "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. மனம் கனக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்."

அப்பாவின் ஊரில் வருத்தம் என்றால் நோய். இங்கே அது மனக்கவலை. நெஞ்சு நோயென்று சொன்ன மனுஷனை அந்தச் சனியன் உட்கார வைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறது. அவரும் சமர்த்தாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யார் சட்டையைப் போய்ப் பிடிப்பது?

அப்பா கண் விழித்ததும் விஷயத்தைச் சொன்னேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவவுக்கு விளங்கேல்லையோ?"

"இல்லப்பா."

முகாமுக்குத் திரும்பிவிட்டோம். அடிக்கடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். என்ன செய்கிறது என்று நான் கேட்டால்கூட வாயைத் திறப்பதில்லை.