காலை ரத்தம், ராத்திரி எச்சில்

என் மனைவியின் உடம்பில் எது பட்டாலும் ரத்தம் கட்டிக்கொண்ட காலம் அது. பஸ் கம்பி இடித்தால் தோளில் நீலம். கட்டில் கால் தட்டினால் முழங்காலில் கருப்பு. முகம் உப்பி, வயிறு பெருத்து, கை கால் மட்டும் குச்சியாகிவிட்டது. பனியன் கம்பெனியில் பார்த்துவந்த செக்கிங் வேலையையும் விட்டுவிட்டாள்.

அதோடு கோபம். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொன்னேன். சட்டியே என்மேல் வந்தது. நெஞ்சு வெந்துபோனது. பிறகு அவளே அழுதுகொண்டு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

"ஏனுங்க, உங்க ஊட்ல தெனமும் தீபாவளிங்களா?" என்று பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலாகக் கேட்பார். எங்கள் நல்லூரில் சுவர்கள் உயரம் குறைவு.

எனக்குத் தெரிந்ததெல்லாம் முருகன்தான். விளக்கேற்றி, விபூதி பூசிவிட்டுத்தான் அவளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். ஹார்மோன் அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆனால் ஊசி குத்திய கை மறுநாள் முழங்கை முதல் மணிக்கட்டு வரை கத்தரிக்காய் நிறமாகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொங்கலூரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். தகப்பன் இல்லாத அவளைத் தோட்ட வேலை செய்து வளர்த்தவர். கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைப்பதற்குள் அவள் கையைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன அம்மிணி?"

"ரத்தம் எடுத்தாங்கண்ணா."

"ரத்தம் எடுத்தா ஒரு பொட்டு இருக்கும். இது கை முச்சூடும் இருக்குது." என் பக்கம் திரும்பினார். "டெஸ்ட்டுல என்ன சொன்னாங்க மாப்ளே?"

"ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க மச்சான்." உள்ளதைத்தான் சொன்னேன்.

"அப்ப நோவு இல்ல. நீதான்."

முதல் அடி காதோரம் விழுந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. கீழே விழுந்த என்னை விலாவில் மிதித்தார். உள்ளே ஏதோ ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. திருப்பி அடிக்கவேண்டும் என்று தோன்றியது. மூச்சுதான் வரவில்லை. வாசலில் தெருவே கூடி நின்றது, ஒருவர்கூட உள்ளே வரவில்லை.

"அவரு அடிக்கவே இல்லீங்கண்ணா" என்று அவள் கத்தினாள்.

"பயந்துக்கிட்டு சொல்றே கண்ணு. வா, போலாம்."

அவள் மேல்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். அவள் சப்பாத்திக் கட்டையை எடுத்து அவர் மண்டையில் போட்டாள். புருவம் கிழிந்து ரத்தம் வழிய அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் தரையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் வரமாட்டேன் என்றாள். அவர் அவளை விட்டுப் போகமாட்டேன் என்றார்.

சாயங்காலத்துக்குள் அவள் மேல்கையில் ஐந்து விரல்களும் கருத்து எழுந்தன. அவர் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"நான் சும்மாதானே புடிச்சேன்" என்றார். கையை எடுத்துவிட்டு, "கோயமுத்தூர்ல பெரிய டாக்டரைப் பாக்கலாம்" என்றார்.

கோவை டாக்டரம்மா அந்த விரல் தடங்களையும், கட்டுப்போட்ட என் விலாவையும், மச்சானின் தையல் போட்ட புருவத்தையும் பார்த்தார்.

"இந்த ஹார்மோன் காலையில எல்லாருக்கும் ஏறித்தான் இருக்கும். தூங்கப் போற நேரத்துக்கு இறங்கணும். இவங்களுக்கு இறங்குதான்னு பாக்கணும். அந்த நேரத்துல ஊசி குத்தினா பயத்துலயே ஏறிடும். அதனால வீட்டுலயே எச்சில் எடுத்துட்டு வாங்க." மூடி போட்ட சின்னக் குழாயைக் கொடுத்துவிட்டு என்னையும் மச்சானையும் பார்த்தார். "சண்டை போட்டாலும் ஏறும். அன்னைக்கு வீட்டுல சத்தம் வரக்கூடாது."

அந்த ராத்திரி எனக்கு மறக்காது. என்னை மிதித்தவரும் நானும் ஒரே பாயில், சுவரைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தோம். இருமல் வந்தால் விலா குத்தும் என்று இருமலையும் அடக்கினேன். முருகா, இவர் மூஞ்சியில் ஓங்கி ஒன்று விடாமல் என் கையைப் பிடித்துக்கொள் என்றுதான் வேண்டினேன்.

அவள் பல் துலக்காமல், ஒன்றும் தின்னாமல் காத்திருந்துவிட்டுக் குழாயில் துப்பினாள். மூடியைத் திருகினாள். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூடியாச்சு. இனி அடிச்சுக்கறதுன்னா அடிச்சுக்கோங்க."

நாங்கள் அசையவில்லை.

"நாஞ் சொன்னப்ப நம்புலீங்கண்ணா" என்றாள். "எச்சிலு சொன்னா நம்புவீங்களா?"



இன்னொரு ராத்திரியும் எடுத்துக் கொடுத்தோம். இரண்டிலும் அளவு இறங்கவே இல்லை. மேற்கொண்டு ஸ்கேன் எல்லாம் பார்த்து, தலைக்குள் இருக்கும் ஒரு சுரப்பியில் சின்னக் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கோபமும் ரத்தக்கட்டும் அதனால்தானாம். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை அவள் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு மச்சான் கோயிலிலிருந்து வந்தார். அவளுக்கு விபூதி பூசினார். அடுத்து என் நெற்றிக்குக் கையைத் தூக்கினார். நான் கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பி, விலாவைக் கையால் மறைத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு தானாகவே செய்துவிட்டது.

கண்ணைத் திறந்தபோது விபூதியோடு அந்தக் கை அப்படியே நின்றுகொண்டிருந்தது.