தபசு காலத்துத் தாலாட்டு

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பூசைக்கே பாதியில் போய்ச் சேருகிறவர்கள். தம்பி மட்டும் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான்.

அப்போது எனக்கு எட்டு வயது. கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் வராந்தா ஜன்னலால் பார்த்தேன். பேக்கரியில் வாங்குகிற இறாத்தல் பாண் அவனைவிடக் கொழுகொழுவென்று இருக்கும். அடிக்கடி மூச்சுவிட மறந்துபோவான். நர்ஸ் மிஸ்ஸி உள்ளங்காலில் சுண்டினால்தான் ஞாபகம் வரும்.

ஒரு நாள் அம்மா பெட்டியின் பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். அவன் மறக்காமல் மூச்சுவிட்டான். சிங்கள மிஸ்ஸி அதைக் கவனித்துவிட்டாள்.

"ஹரி ஷோக்! மிச்சம் நல்லம்! ஒவ்வொரு நாளும் வந்து பாட்டுப் பாடுங்க அம்மா."

அது உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம். வீட்டில் மாமி, அப்பாவின் அக்கா, விடவில்லை.

"தபசு காலத்தில தாலாட்டோ? ஆண்டவர் பாடுபடுற நேரத்தில உனக்கு ஆராரோ கேக்குதோ? பிள்ளைய எடுத்துப்போடுவார்."

"மிஸ்ஸி பாடச் சொல்றா, மச்சாள்."

"அப்ப ஒப்பாரியப் பாடு. அதுக்குத் தடையில்ல."

அம்மா பயந்தவள். சிலுவையடியில் மாதா தன் மகனைப் பார்த்து அழுகிற ஒப்பாரியைத் தம்பியின் பெட்டியில் வாயை வைத்து மெதுவாகப் பாடினாள். தாலாட்டை, புதுச் சட்டையைப் போல, உயிர்த்த ஞாயிறுக்கு எடுத்துவைத்திருந்தாள். மிஸ்ஸிக்குப் பாட்டின் சொல் விளங்காது, தலையாட்டி ரசித்தாள். பக்கத்துப் பெட்டிப் பிள்ளைகூட அழுகையை நிறுத்தியது. எனக்கோ சிரிப்பு. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கிற ஒரே வீடு எங்களுடையது என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். நடித்தும் காட்டினேன்.

தபசின் கடைசி வாரமான பெரிய கிழமையில், புதனன்று தம்பி மூச்சுவிட மறந்தான். மிஸ்ஸி எவ்வளவு சுண்டியும் ஞாபகம் வரவில்லை.

பெட்டியைத் தூக்க நாலு பேர் தேவைப்படவில்லை. அப்பா ஒருவரே கையில் ஏந்திக்கொண்டு போனார். அதற்கு முன் மாமி, வந்த சனத்தின் நடுவில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். அம்மா எழுந்து போய் அவள் வாயைப் பொத்தினாள்.

"அத நான் பாடி முடிச்சிட்டன், மச்சாள்."

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் மிஸ்ஸி ஆளனுப்பியிருந்தாள். பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கும் மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதன் தாய் மேல் வார்டில் எழும்ப ஏலாமல் கிடக்கிறாளாம். அம்மா சேலையை மாற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜன்னலால் பார்த்தேன். அம்மா குனிந்து ஆராரோ பாடினாள். தம்பிக்கென்று வைத்திருந்ததை, ஒரு வரி மிச்சம் வைக்காமல், யாரோ பெற்ற பிள்ளைக்குப் பாடினாள். எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியில் தட்டிக் கத்தினேன்.

"அம்மா! அது எங்கட தம்பி இல்ல!"

பாடி முடித்துத்தான் வெளியே வந்தாள்.

"தெரியும், பிள்ள."

அவள் சேலைச் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அது பால் என்று விளங்க எனக்கே ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு, குழாயடியில் கவனமில்லாமல் முகம் கழுவியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். "சின்னப்பிள்ளை மாதிரி நனைச்சு வச்சிருக்கிறீங்கள்" என்று ஏசிக்கொண்டே என் கைலேஞ்சியால் துடைத்துவிட்டேன்.