அவரைக் கொடிக்கு மூன்று ஷிஃப்ட்

மதியம் மூன்று மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, ஜன்னலோரத் தொட்டியில் ஓர் அவரைக் கொடி. இல்லாதவர்கள்: தங்க வயல் ஊரிகத்தில் இருக்கும் என் அப்பா, அதாவது நைனா, அம்மா, அப்புறம் சூரியன். முதல் இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. சூரியனுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பின்லாந்தின் இந்த வடக்கு மூலையில் டிசம்பர் மாதம் காலை பத்தரைக்கு எட்டிப் பார்க்கிறது. இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறது. தங்க வயலில் எவனாவது இப்படி வேலைக்கு வந்தால் மேஸ்திரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இங்கே யாரும் கேட்பதில்லை. இந்த இருட்டுக்குக் ‘காமோஸ்’ என்று பெயர் வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக் காப்பி குடிக்கிறார்கள்.

கொடி வந்த கதையைச் சொல்ல வேண்டும். சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீட்டின் தகரக் கூரை முழுக்க நைனா வளர்த்த அவரை படர்ந்திருக்கும். தை மாதத்தில் காயை உரித்து, பருப்பை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைத்தால் வாசனை அடுத்த லைன் வரை போகும். கன்னடக்காரர்கள் அந்த வாசனையைச் ‘சொகடு’ என்பார்கள்; நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம். போன வருஷம் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு முற்றி, நைனா கேட்டில் தர்ணாவுக்கு உட்கார்ந்தார். அம்மா அவருக்குச் சோறு கொண்டுபோனாள். இருவரும் இல்லாத நேரத்தில் பக்கத்து லைன் ஆடு கொடியை வேரோடு முடித்துவிட்டது. டப்பாவில் மிஞ்சியது ஆறு விதை. ஆறையும் நைனா உறையில் போட்டு, யாரையோ பிடித்துக் கடிதமும் எழுதவைத்து எனக்கு அனுப்பினார். ‘வீட்டக் காலி பண்ணச் சொன்னா நானே எங்க போவேன்னு தெரியல. நம்ம குடும்பத்துல படிச்சவன் நீதான். இத வளத்து எனக்கு வெத அனுப்பு.’

ஆறில் முளைத்தது மூன்று. பிழைத்தது ஒன்று. ஆக, நைனாவின் அவரை இந்த உலகத்தில் ஒரே ஒரு தொட்டியில் இருந்தது. அதற்கு வெயில் கொடுக்க வேண்டியவன் நான்.

படித்தவன் என்பதால் முறையாக ஆராய்ந்தேன். வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றை அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கி வந்தேன். முதலில் அறுபது வாட் குண்டு பல்பு. வெளிச்சத்தைவிடச் சூடுதான் அதிகம். கிட்டே வைத்தால் இலை கருகியது, தள்ளி வைத்தால் தண்டு பசித்தவன் கழுத்து மாதிரி நீண்டது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும் என்று காலேஜில் படித்ததை மீட்டர் நிரூபித்தது. கொடிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அடுத்து வெள்ளை டியூப் லைட் இரண்டு. சூடு கிடையாது, இலைக்கு ஒரு சாண் மேலேயே தொங்கவிடலாம். மேல் இலைகள் கரும்பச்சையாகின; கீழ் இலைகள் வெளிச்சத்தைக் கேள்விப்பட்டதோடு சரி. மூன்றாவது, செடிகளுக்கென்றே விற்கும் ரோஸ் நிற டியூப். விலை மூன்று மடங்கு, மீட்டரில் பாதி. மீட்டர் மனிதக் கண்ணுக்குச் செய்தது, செடியின் கணக்கு வேறு என்றார் கடைக்காரர். செல்வி கதவைத் திறந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது, ரெக்கார்டு டான்ஸ் ஆடப்போறாளா உங்க கொடி?”

கடைசியில், கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி வளர்க்கிறவர்கள் வாங்கும் நானூறு வாட் சோடியம் விளக்கு. ஊரில் சுரங்க ஷாஃப்ட் வாசலில் எரியுமே, அதே ஆரஞ்சு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்தே மற்ற விளக்குகளைத் தூக்கிச் சாப்பிட்டது. ஒரே வாரத்தில் கொடி திரைச்சீலைக் கம்பியைப் பிடித்தது.

எத்தனை மணி நேரம் எரிப்பது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தங்க வயலில் பிறந்தவனுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. சங்கு மூன்று முறை ஊதும், கேஜ் மூன்று முறை ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும், மூன்று ஷிஃப்ட்டும் ஓடினால்தான் உற்பத்தி. விளக்கை மூன்று ஷிஃப்ட்டும் எரியவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் பேசியபோது நைனாவும் ஒத்துக்கொண்டார்.

“நைட் ஷிஃப்ட்டும் உண்டா?”

“உண்டு நைனா.”

“அப்ப சரி. சும்மா நிக்க வெக்காத. பூ வந்துக்கீதா?”

“எலதான் நைனா.”

“எலய வெச்சிக்கினு இன்னா பண்றது, நான் இன்னா ஆடா?”

டிசம்பருக்குள் கொடி அலமாரியைச் சுற்றி, ஃப்ரிட்ஜின் மேல் ஏறி, எங்கள் கல்யாணப் போட்டோவை மறைத்தது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் குடியிருப்பின் மேலாளர் பெக்கா வந்தார். எதிர்வீட்டு அம்மாளின் படுக்கையறையில் எங்கள் ஆரஞ்சு வெளிச்சம் இரவெல்லாம் விழுகிறதாம். இந்த நாட்டில் இப்படி விளக்குப் போட்டு ரகசியமாக வளர்ப்பது போலீஸ் தேடி வரும் வேறு ஓர் இலை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

“என்ன இது?”

“பாப்பு” என்றேன். அவர்கள் மொழியில் அவரை வகைக்கெல்லாம் அதுதான் பெயர்.

“காய் எங்கே?”

“வரும்.”

அவர் முகம் நம்பவில்லை. நம்பட்டும் என்று முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட், உற்பத்தி என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“குடியிருப்பில் தொழிற்சாலை நடத்தக் கூடாது.”

“தொழிற்சாலை இல்லை. இது என் அப்பாவுடைய அவரை.”

“அப்பாதான் முதலாளியா?”

முப்பது வருஷம் பூமிக்கடியில் டிரில் பிடித்தவரை அப்படிக் கேட்ட முதல் ஆள் பெக்காதான். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து, ஏமாந்த முகத்தோடு கீழே போட்டார். மாலை ஆறு முதல் காலை எட்டு வரை விளக்கு எரியக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

“நைட் ஷிஃப்ட்டுக்கு லே ஆஃப் குடுத்துட்டாரு” என்றாள் செல்வி. “உங்க நைனாகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?”

 நான்கு ஞாயிறுகள் போனே செய்யவில்லை. விதைக்குப் பதில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது வாரம் ஃப்ரிட்ஜின் மேலிருந்து செல்வி கூப்பிட்டாள். நாற்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள். கொத்தாக ஊதாப் பூ.

“போலீஸ் வராத கொறையா ஆள் வந்து மெரட்டனப்புறம்தான் இதுக்குப் புத்தி வந்துக்கீது.”

நூலகத்தில் தேடிப் படித்தேன். இந்த ஜாதி அவரைக்கு இரவு நீண்டால்தான் பூ. ஊரில் மார்கழியில் பூப்பது பனியால் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இருட்டுக்கு அதில் பங்கு உண்டென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இரவு எங்களுக்கு ஒரு ஷிஃப்ட்தானே. இந்த நாடு வாசலில் இலவசமாகக் கொட்டி வைத்திருந்த இருட்டைக் காசு கொடுத்து விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காய் முற்றிக் காய்வதற்குள் அங்கே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெக்கா விளக்கை நிறுத்தியதையும் காய் வந்ததையும் போனில் சொன்னேன்.

“நைட் ஷிஃப்ட்ட நிறுத்தனதும் காய்ச்சிச்சா?”

“ஆமா நைனா.”

“இங்க மூணு ஷிஃப்ட்டையும் நிறுத்திட்டாங்க. ஒரு மண்ணும் காய்க்கல.” பிறகு அவரே சொன்னார்: “அனுப்பு. வூடு கீற வரைக்கும் கூர கீது இல்ல.”

பதினோரு காய், நாற்பத்தொரு விதை. மேசையில் கொட்டி இரண்டு குவியலாகப் பிரித்தோம். இருபது ஊரிகத்துக்கு, உறைக்குள். இருபது இங்கே, ஃபிலிம் டப்பாவுக்குள். எந்தப் பக்கமும் சேராமல் ஒன்று நடுவில் கிடந்தது. செல்வி அதை ஊறவைத்தாள். மறுநாள் பிதுக்கியபோது தோலிலிருந்து நழுவி இரண்டாகப் பிளந்தது. ரசத்தில் போட்டு வேகவைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். சொகடு இருக்கிறது என்றாள் அவள். எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பல்பு, டியூப், சோடியம் விளக்கு, கரண்ட் பில் எல்லாம் சேர்த்து ஆன செலவு, இந்த ஊர்ப் பணத்தில், ஆயிரத்து எண்ணூற்று எண்பது மார்க்கா.