தலைவர் வீட்டு மானம்

நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பல்கலைக்கழகத்து ஐயா ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அரசாங்க உதவிப் பணம் வாங்குகிறவர்களை ஜனங்கள் ஏன் கேவலமாகப் பார்க்கிறார்கள், அதில் கட்சிப் பகைக்கு என்ன பங்கு என்பதுதான் ஆய்வு. அவருக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் மாற்றிச் சொல்ல என்னைக் கூட்டிப்போனார். இதற்கெல்லாம் ஓர் ஆய்வு! பசறை டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தடவை நின்றுகொண்டே போயிருந்தால் போதும், எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

முதலில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். மம்பட்டியைத் தொட்டுப் பல வருஷமான மனுஷன்.

"சும்மா காசு குடுத்தா சனம் சோம்பேறியாயிருங்க சார். நம்ம குடும்பத்துல ஒருத்தரும் கை நீட்டினது இல்ல," என்று மார்தட்டினார். பிறகு எதிரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றைக் காட்டினார். "அந்தப் பொம்பளைகிட்ட பிரிட்ஜ் இருக்கு. நாந்தான் பெட்டிசன் போட்டேன். விசாரிக்க வருவாங்க, இந்த மாசத்தோட காசு நின்னுரும்."

செத்துப்போன அவள் புருஷன் எதிர்க்கட்சிச் சங்கம். விஷயம் அவ்வளவுதான். தூ!

அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். தலைவரும் வெட்கமில்லாமல் கூடவே வந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றார். அக்கா பிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே அரிசி, பருப்பு, கோதுமை மாவு. கரண்ட் கொடுத்தாலும் ஓடாத பழைய சாமான். எலிக்குப் பயந்து வைத்திருக்கிறார்.

"காசு வாங்க வெக்கமா இருக்காக்கா?" ஐயாவின் கேள்விதான். கேட்க எனக்கே வாய் கூசியது.

"எனக்கென்னங்க வெக்கம்? காசு நின்னா எனக்கு மட்டுமா சோறு இல்ல? தலைவரோட அம்மாவுக்கும்தான் இல்ல. இந்த லயத்துல கடைசிக் காம்பராவுல தனியாக் குடிவச்சிட்டு, மானம் போயிருமுன்னு அந்தம்மாவ உதவிக் காசுக்கும் எழுதிக்குடுக்க விடல. பகல் சாப்பாடு இங்கதான்."

ஒரு சொல் விடாமல், சத்தமாகவே ஐயாவுக்குச் சொன்னேன். சுகமாக இருந்தது.

"பச்சப் பொய்!" என்று தலைவர் குதித்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் அம்மா தட்டோடு வந்தார். மகனைக் கண்டதும் தட்டைச் சேலை முந்தானைக்குள் மறைத்தார்.

"ஒண்ணுமில்லப்பா, சும்மா காத்து வாங்க வந்தேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அக்கா கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை.

தலைவர் என்னைப் பார்த்து, "கேட்டீங்களா? காத்து வாங்கத்தான் வந்துருக்கு. அதையும் சார்கிட்ட சொல்லுங்க," என்றார்.